ஞாயிற்றுக்கிழமை மேட்னி

நாம் சேர்ந்து போன மைசூர்ப் பயணத்தில் நீங்கள் எல்லோரும் என்மேல் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தீர்கள். பகலெல்லாம் அரண்மனையைச் சுற்றிவிட்டு வந்து, காபி குடித்த கையோடு ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்து, பக்கத்தில் எந்தத் தியேட்டரில் என்ன படம், நடந்து போகலாமா, ஆட்டோ பிடிக்க வேண்டுமா என்று தேட ஆரம்பித்தீர்கள். நான் அறையிலேயே இருந்துகொள்கிறேன் என்றேன். "இந்த வயசுல சினிமா பார்த்தா சாமி கண்ணைக் குத்திடுமா?" என்று நம்மில் ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உள்ளூரில் நான் படம் பார்ப்பேன். பேரன் பேத்தியோடு போய்ச் சோளப்பொரி தின்றுகொண்டே பார்த்துவிட்டு வருவேன். வெளியூரில் மட்டும் மாட்டேன். ஏன் என்று அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன். தியேட்டரில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று நடுவில் சுவர் வைத்திருந்த காலத்தைப் பார்த்தவர்கள் நாம். உங்களுக்குப் புரியும்.

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். ஆடி மாதம். தம்பிக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டு அம்மா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று, சிவகாசிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவோடு என்னையும் அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்குக் கும்பகோணத்தில் காலண்டர் வியாபாரம். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை என்று படியேறி ஆர்டர் பிடிப்பார். ஆடியில் சிவகாசிக்குப் போய், புதிய படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அச்சுக்குக் கொடுத்துவிட்டு வருவார். போன வேலை ஓரிரு நாளில் முடிந்துவிடும் என்றுதான் என்னைக் கூட்டிப் போனார். முடியவில்லை. அச்சாபீஸில் ஏதோ மெஷின் மக்கர் பண்ணிவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் அங்கே தங்கும்படி ஆகிவிட்டது.

ரயிலில் விருதுநகரில் இறங்கினோம். அங்கே ஒரு வியாபாரியைப் பார்க்க வேண்டியிருந்ததால் சாயங்காலம்வரை அந்த ஊரிலேயே இருந்தோம். விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு கடை வாசலில் அகலமான இரும்புக் கல்லில் எண்ணெய் தளும்ப, அதில் பரோட்டாக்கள் மிதந்துகொண்டிருந்தன. அப்பளம்போல நொறுங்குகிற பரோட்டாவை அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தின்றேன். வெளியூருக்கு வந்தால் வேடிக்கைதான், வீட்டில் தம்பி மட்டும் கஷ்டப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

சிவகாசியில் அந்த எண்ணம் சீக்கிரமே போய்விட்டது. அப்பா காலையில் என்னை அச்சாபீஸுக்குக் கூட்டிப் போய் ஒரு முக்காலியில் உட்கார வைத்துவிடுவார். மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடையில் தலை சுற்றும். ஈரம் காயாத படங்களைக் கொடியில் துணிபோலத் தொங்கவிட்டிருப்பார்கள். முதலில் மஞ்சளை மட்டும் அச்சடிப்பார்கள். அது காய்ந்தபின் சிவப்பு, அப்புறம் நீலம். மஞ்சள் மட்டும் ஏறிய தெய்வங்களுக்குக் கண் இருக்காது, வாய் இருக்காது. புகைபோல ஓர் உருவம் மட்டும் காகிதத்தில் நிற்கும். விசிறிக் காற்றில் அவையெல்லாம் சேர்ந்து அசையும்போது எனக்குப் பயமாக இருக்கும். வெளியே போகலாம் என்று அழ ஆரம்பித்துவிடுவேன்.

அந்த ஊரில் தெருவில் விளையாடும் பிள்ளைகளும் அதிகம் இல்லை. என் வயதுப் பிள்ளைகள் பாதிப் பேர் வேலைக்குப் போய்விடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. விடிவதற்கு முன்னால் பட்டாசுக் கம்பெனி பஸ்கள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அதன்பிறகு தெருவில் வெயில் மட்டும்தான்.

கடைசியில் அப்பா லாட்ஜ் மானேஜரிடம் போய் நின்றார். மானேஜர் உள்ளூர்க்காரர், நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார்.

"பிள்ளை ரொம்ப அடம் பண்றா. இங்க சுத்திப் பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கா சார்?"

"எங்க ஊர்லயா?" மானேஜர் சிரித்தார். "இங்கன எல்லாருக்கும் வேலைதான் சார் பொளுதுபோக்கு. நாளைக்கு ஞாயித்துக்கெளமை. மேட்னிக்குக் கூட்டிட்டுப் போங்க. புதுப்படம் வந்திருக்கு. பொம்பளைக கூட்டம் அலைமோதும், கொஞ்சம் முன்னாடியே போயிருங்க."

மறுநாள் மத்தியானம் போனோம். தகரக் கூரை போட்ட தியேட்டர். வாசலில் முறுக்கு, வறுத்த கடலை, கலர் சோடா. மானேஜர் சொன்னதுபோலவே பெண்கள் கூட்டம்தான். வாரம் முழுக்கக் கம்பெனியில் குனிந்தே கிடந்தவர்கள், தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்து, திருவிழாவுக்கு வந்தவர்கள்போல நின்றார்கள். எல்லோருடைய விரல்களும் சாம்பல் நிறத்தில் மினுமினுத்தன. அது பட்டாசுக்குப் போடும் அலுமினியப் பொடி. எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது.

பெஞ்சு டிக்கெட்டில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து உட்கார முடியாது. நடுவில் இடுப்பளவுச் சுவர் இருந்தது. அப்பா சுற்றிலும் பார்த்துவிட்டு, இரண்டு வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஓர் அக்காவிடம் போனார். சிரித்த முகம் என்பதால் அவரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

"ஏம்மா, நாங்க வெளியூரு. இந்தப் பிள்ளையக் கொஞ்சம் பக்கத்துல உட்கார வச்சுக்குங்க. நான் அந்தப் பக்கம்தான் இருப்பேன்."

"அதுக்கென்ன, எங்கூட இருக்கட்டும். நீங்க கவலையில்லாமப் போங்கண்ணே. எந்த ஊர்லருந்து வாரீக?"

"கும்பகோணம்."

"ஆத்தாடி! அம்புட்டுத் தூரத்துலருந்து எங்க ஊருக்குப் படம் பார்க்க வந்தீகளா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். சொரசொரப்பான கை. பிடி மட்டும் இதமாக இருந்தது.

உள்ளே போய் நடுப் பெஞ்சில் இடம் பிடித்தோம். படம் தொடங்கும்வரை அந்த அக்கா என்னோடு பேசிக்கொண்டே இருந்தார். குழந்தைக்குக் கடலையை மென்று ஊட்டினார். எனக்கும் ஒரு பிடி கொடுத்தார்.

"இது உங்க பாப்பாவா?" என்று கேட்டேன்.

"எந்தங்கச்சி மக. நான் பெரியம்மா. எனக்கு இன்னும் பொறக்கல."

"உங்க தங்கச்சி வரலையா?"

"அவ வேலைக்குப் போயிருக்கா தாயி. சீசன் வந்துருச்சுல்ல, இனி ஞாயித்துக்கெளமையும் ஆளு வேணும்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. இன்னைக்கு எம்முறை. நாந்தான் போயிருக்கணும். அவதான், 'கல்யாணம் ஆனதுலருந்து நீ ஒரு படம் பார்க்கலையேக்கா, நீ போ, உனக்குப் பதிலா நான் போயி மருந்து செலுத்திட்டு வாரேன்'னு கெளம்பிட்டா. வேலைக்குக் கட்டுற என் பளைய சேலையச் சுத்திக்கிட்டுப் போயிருக்கா."

"மருந்தா? எங்க தம்பிக்குக்கூட மருந்து குடுக்கிறாங்க."

பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "இது குடிக்கிற மருந்து இல்ல தாயி. வெடிக்குள்ள அடைக்கிறது" என்று சொல்லி அவர் என் கன்னத்தைக் கிள்ளினார்.

படத்தின் முதல் பாதி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெண்கள் எல்லாவற்றுக்கும் வாய்விட்டுச் சிரித்தார்கள். வில்லன் வந்தால் வாய்விட்டே திட்டினார்கள். அந்த அக்கா சிரிக்கும்போது பெஞ்சே குலுங்கும். பின்னாலிருந்து வரும் ஒளியில் அவருடைய விரல்கள் மீன்போல மினுங்கின. பாப்பா இடைவேளைக்குள் தூங்கிவிட்டது. அவர் அதன் முதுகில் தட்டிக்கொண்டே படம் பார்த்தார்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் போயிருக்கும். தலைக்கு மேலே தகரம் ஒருமுறை கடகடவென்று அதிர்ந்தது. சத்தம் என்று பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வயிற்றுக்குள் யாரோ குத்தியதுபோல இருந்தது. படத்தில்தான் ஏதோ என்று நினைத்தேன். ஆனால் திரையில் கதாநாயகி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

பெண்கள் பக்கம் அப்படியே அடங்கிப்போனது. பாப்பாவின் முதுகில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"குவாரியில வெடி வச்சிருப்பாக" என்றாள் முன்பெஞ்சில் ஒருத்தி.

"ஞாயித்துக்கெளமை குவாரி ஏதுடி?" என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் படத்தை யாரும் பார்க்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. சிரிக்க வேண்டிய இடங்கள் வந்து போயின. ஒருவரும் சிரிக்கவில்லை.

அப்புறம் படம் பாதியில் நின்று விளக்குகள் எரிந்தன. கேட்டில் டிக்கெட் கிழிக்கிற பெரியவர் திரைக்கு முன்னால் ஓடிவந்து, கையை வாயருகில் குவித்துக்கொண்டு கத்தினார்.

"சாத்தூர் ரோட்டுல கிணத்தடிக் கம்பெனி வெடிச்சிருச்சாம்! அந்தக் கம்பெனிக்காரக, சொந்தக்காரக இருந்தா வெளிய வாங்க! வாசல்ல லாரி நிக்குது!"

அந்தக் கம்பெனிக்காரர்கள் மட்டும் எழவில்லை. எல்லோரும் எழுந்தார்கள். பேரைச் சரியாகக் கேட்டீர்களா, அதற்குப் பக்கத்துக் கம்பெனியா என்று கத்திக்கொண்டே வாசலை நோக்கிப் பாய்ந்தார்கள். என் பக்கத்தில் இருந்த அக்கா கத்தவில்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை அப்படியே என் மடியில் கிடத்தினார்.

"இந்தா தாயி, பாப்பாவப் புடி. எங்கயும் போயிராத. இங்கனயே இரு. நான் வந்துருதேன்."

அவர் போவதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. கனகாம்பரம் வைத்த கொண்டைகளுக்கு நடுவே அவருடைய கொண்டையும் கலந்துவிட்டது.

அப்பா சுவரைத் தாண்டிக் குதித்து வந்தார். "அவங்கம்மா எங்க?" என்றார். சொன்னேன். "அது அம்மா இல்லப்பா, பெரியம்மா" என்றும் சொன்னேன். அப்பா வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே, "சரி சரி" என்றார். அவர் காதில் அது விழவில்லை. பெரியவர்கள் பதற்றத்தில் இருக்கும்போது ஒன்பது வயதுக்காரி சொல்வதில் பாதிதான் கேட்கும்.

"நாம இங்கயே இருப்போம். இங்கதான இருக்கச் சொன்னாங்க? இடத்தை விட்டு நகர்ந்தா அவங்களால கண்டுபிடிக்க முடியாது" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் விளக்குகள் அணைந்தன. படம் மறுபடி ஓட ஆரம்பித்தது.

அந்தக் கொட்டகையில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். ஆண்கள் பக்கத்தில் ஓரிருவர் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியவில்லை. ஆளில்லாத கொட்டகையில் வசனங்கள் ஒன்றுக்கு இரண்டாக எதிரொலித்தன. பாப்பா கண் விழித்தது. அழவில்லை. என் மடியில் சாய்ந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தது. நாயொன்று கதாநாயகனின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும் காட்சி வந்தபோது பாப்பா கைதட்டிச் சிரித்தது. திரையின் வெளிச்சம் கூடும்போதெல்லாம் பெஞ்சுகளுக்கு அடியில் பார்த்தேன். தரை முழுக்கச் செருப்புகள். பாதி தின்ற முறுக்குப் பொட்டலங்கள், ஒரு தூக்குவாளி, உடைந்த வளையல்கள். அந்த அக்காவின் செருப்பும் என் காலடியில் கிடந்தது.

படம் முடிந்து, வழக்கம்போலக் கடைசியில் தேசியகீதத்தோடு கொடி பறக்கிற காட்சியைக் காட்டினார்கள். அப்பா எழுந்து விறைப்பாக நின்றார். நானும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது டிக்கெட் கிழிக்கிற பெரியவர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அப்பா அவரிடம் விவரம் சொல்லி, லாட்ஜ் பேரைச் சொல்லி, அந்தப் பெண் வந்தால் அங்கே அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். பெரியவர் தலையாட்டினார். பிறகு அப்பாவைப் பார்த்து, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"முழுப் படமும் பார்க்கணும்னா சார் உட்கார்ந்திருந்தீக?"

"இல்லைங்க, அந்தம்மா திரும்பி வருவாங்கன்னு…"

"ஆள் இருக்கையில படத்த நிறுத்தக்கூடாதுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. எம்மகனும் அந்தப் பக்கம் ஒரு கம்பெனிலதான் இருக்கான். நீங்க எந்திரிச்சா நானும் போயிருவேன்னுதான் நின்னுக்கிட்டே இருந்தேன்."

பெரியவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவருடைய மகன் என்ன ஆனான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

லாட்ஜில் மானேஜர் எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். குழந்தையைப் பார்த்தார், அப்பா சொன்னதைக் கேட்டார். "ஆஸ்பத்திரிக்கே நேரா தூக்கிட்டுப் போயிரவா?" என்று அப்பா கேட்டதற்கு வேகமாகக் கையை ஆட்டினார்.

"வேண்டாம் சார். நான் இப்பத்தான் அங்கனருந்து வாரேன். பெரியாளுகளே பார்க்க முடியல. பச்சப்புள்ளையத் தூக்கிட்டு அங்கன போயிராதீக. தேடி வருவாக. பைய வரட்டும்."

அறையில் பாப்பாவுக்கு இட்லியைப் பிசைந்து கொடுத்தோம். தலையைத் திருப்பிக்கொண்டது. பால் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு வாய் குடித்துவிட்டு வாசலையே பார்த்தது. சாயங்காலம் ஆக ஆக அதற்கு அழுகை வந்துவிட்டது. தாய் வேலை முடிந்து வருகிற நேரம் அது. கம்பெனி பஸ் தெருமுனையில் நிற்கிற நேரம். எனக்கு இது இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு, பாலுக்கு அழுகிறது, தூக்கத்துக்கு அழுகிறது என்று மாறி மாறி நினைத்தோம்.

அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு வந்தார். கிழக்கே வானத்தின் அடியில் பழுப்பாகப் புகை நின்றது. தெருவில் பேச்சுச் சத்தமே இல்லை. எங்கோ தூரத்தில் ஒப்பாரி கேட்டது, நின்றது, வேறொரு பக்கத்திலிருந்து கேட்டது. பாப்பாவின் அழுகை நிற்கவேயில்லை. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு வீறிட்டது.

அப்போது அப்பா ஒரு காரியம் செய்தார். நல்ல மனதோடுதான் செய்தார். அச்சாபீஸ் முதலாளி, தீபாவளிக்கு வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று ஒரு பெட்டி கம்பி மத்தாப்பு கொடுத்திருந்தார். என்னைக் கீழே அனுப்பி அதை எடுத்துவரச் சொன்னார். ஒன்றைப் பற்றவைத்துப் பாப்பாவுக்கு முன்னால் பிடித்தார்.

அழுகை சட்டென்று நின்றது. பாப்பா கண்ணை அகல விரித்துப் பார்த்தது. கை நீட்டியது. அடுத்ததை அதன் கையில் கொடுத்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நானும் ஒன்றைக் கொளுத்தினேன். மூன்று பேரும் அந்த மாடியில் மத்தாப்பு பிடித்துக்கொண்டு நின்றோம். கன்னத்தில் கண்ணீர் காயாமலே பாப்பா சிரித்தது.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. மானேஜர் முன்னால் வந்தார். அவர் பின்னால் அந்த அக்கா.

வெறுங்காலோடு வந்திருந்தார். தலையில் பூ இல்லை. சேலை முழுக்கக் கரி. அவரோடு கூட ஒரு வாடை மேலே வந்தது. அதை நான் விவரிக்கப் போவதில்லை. மேல்படியில் நின்று, மத்தாப்பு வெளிச்சத்தில் எங்களைப் பார்த்தார்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவ்வளவு நேரம் மனதில் இருந்த பாரம் இறங்கிய சந்தோஷம். குனிந்து பாப்பாவிடம் சொன்னார்.

"அதோ பாரு! அம்மா வந்துட்டாங்க பாரு!"

பாப்பா மத்தாப்பைக் கீழே போட்டது. தளர்நடையாக ஓடியது. கையை நீட்டிய பெரியம்மாவைத் தாண்டி ஓடி, படிக்கட்டின் விளிம்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, கீழே எட்டிப் பார்த்தது.

"ம்மா?" என்றது.

கீழே ஒருவரும் இல்லை. மறுபடி, "ம்மா?" என்றது.

அந்த அக்கா அப்படியே மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். பாப்பாவை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டார். தரையில் கிடந்த மத்தாப்பு எரிந்து முடிந்து, கம்பி மட்டும் சிவந்து கிடந்தது. அப்பா என்னைப் பார்த்தார். நான் மத்தியானம் சொன்னது அப்போதுதான் அவர் காதில் விழுந்ததுபோல இருந்தது அவர் முகம்.

மானேஜர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அக்கா குடிக்கவில்லை. செம்பை வைத்துக்கொண்டே பேசினார். யாரிடமும் சொல்வதுபோல இல்லை.

"ஆஸ்பத்திரி வாசல்ல எம்பேரத்தான் கூப்பிட்டாகண்ணே. எம்முறைல போனதுனால மேஸ்திரி எம்பேரச் சொல்லிட்டாரு. சேலையும் என் சேலை. வேற எத வச்சு அடையாளம் பார்க்கிறது? எம்புருசன் தரையில உருண்டு எம்பேரச் சொல்லி அளுதுக்கிட்டுக் கெடக்காரு. கூட்டத்த வெலக்கிட்டு நான் முன்னாடி போயி நின்னேன். என்னையப் பார்த்துட்டுப் பேயப் பார்த்த மாதிரிக் கத்துனாரு. ஊர்க்காரக எல்லாரும் ரெண்டெட்டு பின்னால போனாக. 'நான் இல்ல, அவ'ன்னு சொல்லணும். சொல்ல எனக்கு நாக்கு வரலண்ணே. சொன்னா அவ செத்துருவாள்ல? அது வரைக்கும் அங்கன செத்துக் கெடந்தது நாந்தான. கொஞ்ச நேரம் செத்தது நானாவே இருந்துட்டுப் போறேன்னு நின்னேன்."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாப்பா பெரியம்மாவின் தாடையைப் பிடித்துத் திருப்பி, "ம்மா?" என்று கேட்டது.

"வருவா தாயி. வேலை முடிஞ்சு வருவா. அளுவாத" என்றார் அவர். குரல் உடையாமல் சொன்னார்.

அப்பா கீழே போய் ஒரு குதிரை வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர்களை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க அவரும் ஏறிக்கொண்டார். வண்டி கிளம்பும்போது அந்த அக்கா என்னைக் கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், மத்தாப்பு கொளுத்தியதற்கு. அவர் என் தலையில் கை வைத்து, "சொன்ன சொல்லுப்படி பத்திரமா வச்சிருந்தியே தாயி" என்றார். அந்தக் கையின் பொடி என் தலைமுடியில் ஒட்டிக்கொண்டது. ஊருக்குப் போய் அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியபோது, "தலையெல்லாம் என்னடி மினுங்குது?" என்று கேட்டாள். சிவகாசி என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

மறுநாளே கிளம்பிவிட்டோம். ஆர்டரை அச்சாபீஸ் முதலாளி பொறுப்பில் விட்டுவிட்டார் அப்பா. வீட்டில், சினிமா பார்த்தோம் என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அம்மை இறங்கிய தம்பி படத்தின் கதையைக் கேட்டு நச்சரித்தான். முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். அவனுக்கு அந்தக் கதை மிகவும் பிடித்துவிட்டது. தினமும் கேட்டான். செருப்பைக் கவ்வும் நாய் வரும் இடத்தில் அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். நான் அந்த இடத்தை வேகமாகச் சொல்லித் தாண்டிவிடுவேன்.

இதுதான் காரணம். பழகாத ஊரில், பழகாத கொட்டகையில் விளக்கை அணைத்தால் என் காது கூரைக்குப் போய்விடுகிறது. மடி கனக்கிறது. இரண்டு வயதுக் குழந்தையின் கனம் எவ்வளவு என்று உங்களுக்கெல்லாம் தெரியும். நாம் எல்லோரும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் சுமந்தவர்கள். அது என் பிள்ளைகளின் கனம் இல்லை. எனக்கு வித்தியாசம் தெரிகிறது. கல்யாணமான புதிதில் இவர் என்னை மதுரையில் ஒரு படத்துக்குக் கூட்டிப் போனார். படம் தொடங்கியதும் நான் மடியில் இரண்டு கைகளையும் கோத்து எதையோ பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "குளிருதா?" என்று கேட்டார். வெளியே போகலாம் என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

அப்பா அதன்பிறகும் வருஷா வருஷம் சிவகாசிக்குப் போய்வந்தார். போகும்போதும் வரும்போதும் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் சொல்ல மாட்டார். தொழிலை விட்டு வீட்டோடு இருந்த காலத்தில்தான், ஒரு மத்தியானம், நானும் அவரும் மட்டும் இருந்தபோது, கேட்காமலே சொன்னார்.

பல வருஷம் கழித்து, சிவகாசி பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவைப் பார்த்தாராம். தலை நரைத்திருந்ததாம். கூடவே பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண். இரட்டைச் சடை, தோளில் புத்தகப் பை. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் வரலம்மா" என்று அந்த அக்காவிடம் சொன்னதாம். அம்மா என்று.

அந்த அக்கா அப்பாவை உடனே அடையாளம் கண்டுகொண்டாராம். ஆனால் ஒன்றும் பேசவில்லையாம். அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல், வேண்டாம் என்பதுபோலக் கண்ணை மட்டும் மெல்ல மூடித் திறந்தாராம்.

அப்பாவால் அப்படியே போகவும் முடியவில்லை. அந்தப் பெண்ணிடம், "உன்னை நான் ரொம்பச் சின்னக் குழந்தையா இருக்கும்போது பார்த்திருக்கேன்மா" என்று சொல்லிவிட்டாராம்.

அது நிமிர்ந்து, "அப்படியா? எங்க வச்சு?" என்று கேட்டதாம்.

"நீங்க என்னப்பா சொன்னீங்க?" என்று நான் கேட்டேன்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கோயில்லன்னு சொன்னேன்" என்றார். "உங்கம்மா இடுப்புல இருந்து நல்லா சிரிச்சேன்னு சொன்னேன்."